சக்கரத்திலிருந்து உறுமல் சத்தம்: பேரிங்கா, டயரா? அவசர உதவி தேவை

ஊர்சுற்றி:
வணக்கம். கார் ஓடும்போது சக்கரப் பக்கத்திலிருந்து உறுமல் சத்தம் வருகிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. முதலில் லேசாகத்தான் இருந்தது, இப்போது கண்ணாடிகளை ஏற்றிவிட்டாலும் காதைக் குடைகிறது. டயர் மாற்றிய பிறகு தொடங்கியது என்று நினைக்கிறேன். பட்டறையில் ஓட்டிப் பார்த்துவிட்டு நான்கு சக்கரங்களின் பேரிங்கையும் (சக்கரம் சுழல உள்ளே குண்டுகள் வைத்த வளையம்) மாற்றச் சொல்கிறார்கள். வார இறுதியில் குழந்தைகளோடு நெடுந்தூரம் போக வேண்டும். இப்படியே போகலாமா? எந்த பேரிங் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

வட்டப்பாதை:
பேரிங்தான், சந்தேகமே வேண்டாம். வேகத்தோடு ஏறுகிற உறுமலுக்கு வேறு பெயர் கிடையாது. என் பழைய வண்டியிலும் இதே சத்தம் வந்தது. பின்பக்க பேரிங்கை மாற்றியதும் நின்றுவிட்டது. பின்சக்கரங்களிலிருந்து தொடங்குங்கள்.

கிரீஸ்கை:
நண்பரே, கொஞ்சம் விவரம் வேண்டும். எந்த ஆண்டு வண்டி, எவ்வளவு ஓடியிருக்கிறது? டயர் நான்கையும் மாற்றினீர்களா, இரண்டை மட்டுமா? சத்தம் எந்த வேகத்தில் தொடங்குகிறது? நேரான, ஆளில்லாத சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியைத் தானாக உருளவிடுங்கள். எஞ்சின் சுழற்சி குறைந்த பிறகும் சத்தம் அப்படியே இருந்தால் அது சக்கரத்தைச் சேர்ந்தது. கூடவே அடங்கிவிட்டால் நாம் தவறான இடத்தில் தேடுகிறோம்.

சமவெளி:
டயர் மாற்றிய பிறகு வந்தது என்று அவரே எழுதியிருக்கிறார், யாரும் அதைக் கவனிக்கவில்லையா? டயரின் பட்டைகள் ரம்பப்பல் போலத் தேய்ந்திருந்தால் பேரிங் சத்தத்தையே அச்சாகக் கொடுக்கும். உள்ளங்கையை டயரின் மேல் வைத்து முன்னும் பின்னும் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் கையைக் கீறுவதுபோலவும் இருந்தால் குற்றவாளி அதுதான். பேரிங்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

அச்சாணி:
தம்பி, இங்கே பல ஆண்டுகளாகப் பதில் எழுதுகிறேன். வாரம் தவறாமல் இப்படி ஒரு கேள்வி வருகிறது: வண்டியின் பெயர் இருக்காது, ஆண்டு இருக்காது, முன்னா பின்னா என்பதும் இருக்காது. மருத்துவரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு மருந்து கேட்பீர்களா? இதே பகுதியில் சக்கரச் சத்தம் பற்றிப் பழைய இழைகள் நிறைய இருக்கின்றன. முதலில் அவற்றைப் படியுங்கள். பிறகு கேளுங்கள்.

இரவுப்பயணி:
அச்சாணி ஐயா, குழந்தைகளோடு பயணம் போகவேண்டியவர் பதற்றத்தில் எழுதியிருக்கிறார், விடுங்கள். ஊர்சுற்றி, திருப்பும்போது "டக் டக்" என்று அடிக்கிறதா? ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது அப்படி வந்தால் அது ஆக்சிலின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளிப்பக்க ஜாயின்ட். அதன் ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருக்கிறதா என்று சக்கரத்தின் உட்பக்கம் எட்டிப் பாருங்கள். தகரம் உரசுவதுபோலக் கிறீச்சிட்டால் பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகரக் காப்புக்கும் நடுவே சிறு கல் மாட்டியிருக்கலாம்.

ஊர்சுற்றி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். சிறிய ஹேட்ச்பேக், பெட்ரோல், 2010ஆம் ஆண்டு. 1,30,000 கி.மீ. தாண்டிவிட்டது. டக் டக் எல்லாம் இல்லை, ஒரே சீரான உறுமல். இரண்டு டயர்தான் புதிது. புதியதை முன்னால் போட்டார்கள், முன்னால் இருந்ததைப் பின்னால் மாற்றினார்கள். நியூட்ரலில் உருளவிட்டேன், சத்தம் குறையவில்லை. ஓட்டுநர் பக்கத்திலிருந்து வருவதுபோல இருக்கிறது.

வட்டப்பாதை:
பார்த்தீர்களா, பேரிங்.

சமவெளி:
பார்த்தீர்களா, முன்னால் தேய்ந்த டயர்கள் பின்னால் போயிருக்கின்றன! முன்னால் இருந்தபோது ஒருவிதமாகத் தேய்ந்த பட்டைகள் பின்னால் போனதும் சத்தம் போடும். அதோடு, புதிய டயரை முன்னால் போட்டதே தவறு. புதியது பின்னால்தான் போகவேண்டும்.

வட்டப்பாதை:
இது என்ன புதுக்கதை? முன்சக்கர இழுவை வண்டியில் இழுப்பது முன்சக்கரம், திரும்புவது முன்சக்கரம், பிரேக் பிடிக்கும்போது பெரும்பாரத்தைத் தாங்குவதும் அதுதான். நல்ல டயர் அங்கே இல்லாமல் சும்மா உருண்டு வருகிற பின்சக்கரத்தில் எதற்கு?

சமவெளி:
மழைச்சாலைதான் காரணம். முன்டயர் பிடியை இழந்தால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறைந்து மறுபடியும் பிடி கிடைக்கும், சாதாரண ஓட்டுநரால் சமாளிக்க முடியும். பின்டயர் முதலில் வழுக்கினால் வண்டியின் வால் சுழன்று முன்னே வந்துவிடும், அதைச் சமாளிக்கப் பழகியவர்கள் மிகச் சிலர். மிஷெலின் உள்ளிட்ட டயர் நிறுவனங்கள் எந்தச் சக்கரம் இழுத்தாலும் புதிய இணையைப் பின்னால் போடத்தான் சொல்கின்றன.

வட்டப்பாதை:
முன்னால் வழுக்கை டயரோடு தேங்கிய நீரில் பிரேக் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து இதைச் சொல்லுங்கள்.

சமவெளி:
வழுக்கை டயரை எந்த இடத்திலும் போடச் சொல்லவில்லையே! பட்டைகளின் நடுப்பள்ளத்திலுள்ள அடையாள மேடு 1.6 மி.மீ. உயரம். தேய்மானம் அதைத் தொட்டுவிட்டால் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். எடுத்துவிட வேண்டியதுதான். நான் பேசுவது பாதி தேய்ந்த டயரைப் பற்றி.

கிரீஸ்கை:
இந்த விவாதத்துக்குத் தனி இழை தொடங்கலாமே. ஊர்சுற்றி, "ஓட்டுநர் பக்கம்" என்று மட்டும் எழுதினால் போதாது, நாட்டுக்கு நாடு அது மாறும். இடமா வலமா என்று எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, அகலமான வெறும் சாலையில் சத்தம் நன்றாகக் கேட்கும் வேகத்தில் ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் வளைத்துப் பாருங்கள். வலப்பக்கம் வளைத்தால் பாரம் இடச்சக்கரங்களுக்கு மாறும், இடப்பக்கம் வளைத்தால் வலச்சக்கரங்களுக்கு. பாரம் ஏறும்போது கெட்ட பேரிங் கத்தும், பாரம் இறங்கும்போது அடங்கும். டயர் சத்தம் இதற்கு அவ்வளவாக மாறாது. ஆனால் கரடுமுரடான தாரிலிருந்து வழுவழுப்பான தாருக்குப் போனால் டயர் சத்தம் உடனே மாறிவிடும்.

ஊர்சுற்றி:
ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். நீங்கள் சொன்னபடி செய்தேன். 50 கி.மீ. வேகத்திலிருந்து கேட்கிறது. வலப்பக்கம் வளைத்தால் சத்தம் தெளிவாக ஏறுகிறது, இடப்பக்கம் வளைத்தால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. அப்படியென்றால் வலப்பக்க பேரிங்தானே?

கிரீஸ்கை:
இல்லை, இடப்பக்கம். வலம் வளைக்கும்போது பாரம் வாங்குவது இடச்சக்கரம்.

ஊர்சுற்றி:
ஆனால் சத்தம் வலப்பக்கத்திலிருந்து கேட்கிறதே?

இரவுப்பயணி:
காதை நம்பிச் சக்கரத்தைக் கழற்றாதீர்கள். உறுமல் ஆழ்ந்த ஒலி, வண்டியின் தளத் தகடு முழுவதும் பரவிவிடும். முன்சக்கரச் சத்தம் பின்னிருக்கைக்கு அடியிலிருந்து வருவதாகத் தோன்றிய வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். அதே சமயம், வளைத்துப் பார்க்கும் சோதனையும் நூற்றுக்கு நூறு அல்ல. இரண்டு வரிசைக் குண்டுகள் உள்ள பேரிங்கில் எந்த வரிசை அரித்திருக்கிறது என்பதைப் பொறுத்து எப்போதாவது தலைகீழாகவும் காட்டும். ஜாக்கி வைத்துத் தூக்கி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

அச்சாணி:
தூக்குவதற்கு முன் ஒன்று. மட்டமான தரை, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, தூக்கிய பிறகு ஜாக்கியோடு நிற்காமல் வண்டிக்கு அடியில் தாங்கி ஸ்டாண்டும் வைக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நுழைக்கவே கூடாது. இதில் விளையாடாதீர்கள்.

பிறகு சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் சஸ்பென்ஷனைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் பால் ஜாயின்ட் பக்கம் பாருங்கள். முன்சக்கரத்தில் இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் தளர்வு தெரிந்தால் அது ஸ்டீயரிங் கம்பியின் முனை ஜாயின்ட்.

ஊர்சுற்றி:
இடது முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டினேன். துளியும் ஆட்டம் இல்லை. குழப்பம் கூடிவிட்டது.

வட்டப்பாதை:
ஆட்டம் இல்லையென்றால் அந்த பேரிங் நன்றாக இருக்கிறது. முதலிலேயே சொன்னேன், பின்சக்கரம்.

கிரீஸ்கை:
அப்படி முடிவு கட்ட முடியாது. ஆட்டம் என்பது பேரிங் கெட்டு வெகுநாள் ஆன பிறகு வருவது. அதற்கு முன்பே உள்வளையத்தின் ஓடுபாதையில் உலோகம் செதில் செதிலாகப் பெயர்ந்து சத்தம் தொடங்கிவிடும். நீர் புகுந்து கிரீஸ் கழுவப்பட்டாலும் இப்படித்தான். குழியில் பலமாக விழுந்தோ, நடைமேடை விளிம்பில் இடித்தோ குண்டுகள் பாதையில் பள்ளம் பதித்துவிட்டாலும் ஆட்டம் தெரியாது, உறுமல் மட்டும் கேட்கும்.

இப்போது செய்யவேண்டியது இது. சக்கரம் தூக்கியபடியே இருக்கட்டும், கியர் நியூட்ரலில். ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு மறுகையின் விரல்களைச் சஸ்பென்ஷன் சுருள் கம்பியின் மேல் வையுங்கள், டயரிலிருந்து விரல் தள்ளியே இருக்கட்டும். நல்ல பேரிங் என்றால் கம்பியில் ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் மணல் அரைபடுவதுபோன்ற அதிர்வு விரலுக்கு வரும், காதில் விழாவிட்டாலும் வரும். முன்சக்கரம் கியர்பெட்டியோடு இணைந்திருப்பதால் சற்று இறுக்கமாகச் சுற்றும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம். வலது முன்சக்கரத்திலும் இதையே செய்து ஒப்பிடுங்கள். இரண்டு பின்சக்கரங்களையும் கைபிரேக்கை விடுவித்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துப் பாருங்கள். வட்டப்பாதை சொல்வதையும் சோதித்ததாக ஆகும்.

சமவெளி:
அப்படியே பின்டயர்களைத் தடவிப் பாருங்கள், பக்கவாட்டிலுள்ள தேதி எண்ணையும் படியுங்கள். 2000ஆம் ஆண்டிலிருந்து நான்கு இலக்கம் போடுகிறார்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பட்டை ஆழமாக இருந்தாலும் ரப்பர் முதுமையடைந்து இறுகியிருக்கும். பக்கச்சுவரில் வெடிப்போ புடைப்போ இருந்தால் அந்த டயரோடு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு எங்கும் போகாதீர்கள்.

ஊர்சுற்றி:
இடது முன்சக்கரத்தில் விரலுக்கு அதிர்வு நன்றாகத் தெரிகிறது. மற்ற மூன்றிலும் ஒன்றும் இல்லை. பின்டயர்கள் சமவெளி சொன்னபடி ஒரு திசையில் கையைக் கீறுகின்றன. ஒரு பேரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா? பட்டறையில் இன்னும் நான்கு என்றே சொல்கிறார்கள்.

கிரீஸ்கை:
சத்தம் போடுவதை மட்டும் மாற்றுங்கள். பிரேக் பேட், ஷாக் அப்சார்பர் போல பேரிங்கை இணையாக மாற்றவேண்டிய கட்டாயம் கிடையாது. மறுபக்கமும் அதே தூரம் ஓடியதுதான், என்றாவது கெடும். ஆனால் இன்று சுத்தமாகச் சுற்றும் பேரிங்கைத் தட்டிக் கழற்றிப் புதியதைப் பிசகாகப் போட்டால் இல்லாத நோயை வாங்கியதாகிவிடும்.

அச்சாணி:
இதில் கிரீஸ்கை சொல்வது சரி. வேலையைச் செய்யப்போகிறவரிடம் கேட்கவேண்டியதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வயது வண்டிகள் பலவற்றில் முன் பேரிங், நக்கிளுக்குள் (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பகுதி) அழுத்தி ஏற்றப்படுவது. அதற்கு ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள். நக்கிளுக்குள் ஏற்றும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். ஹப்பை (சக்கரம் மாட்டும் மையப்பகுதி) நுழைக்கும்போது உள்வளையத்துக்கு அடியில் தாங்கு கொடுக்க வேண்டும். மாற்றி அழுத்தினால் அந்த அழுத்தம் முழுவதும் குண்டுகள் வழியாகப் போய்ப் புதிய பேரிங் பெட்டியிலிருந்து எடுத்த அன்றே கெட்டுவிடும். பழைய உள்வளையத்தின் ஒரு பாதி ஹப்போடு ஒட்டிக்கொண்டு வரும், அதை இழுப்பான் கருவியால் எடுக்க வேண்டும். அந்த இடத்தில் ஹப் கீறியிருந்தாலோ சூட்டில் நீலம் பாய்ந்திருந்தாலோ ஹப்பையும் மாற்றச் சொல்லுங்கள்.

ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியா என்று இன்னமும் சொல்லவில்லை. சில பேரிங்குகளின் ஒரு பக்க மூடியில் காந்த வளையம் இருக்கும், அது சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும், மறுபடியும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

இரவுப்பயணி:
ஆக்சில் நட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். விளிம்பைத் தட்டி மடக்கிப் பூட்டும் வகை என்றால் புதியது போடவேண்டும். வண்டிக்கான கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) இறுக்க வேண்டும். அதை இறுக்கி முடிக்கும்வரை சக்கரத்தின் மேல் வண்டியின் பாரத்தை இறக்கி உருட்டக்கூடாது. இரண்டு உள்வளையங்களையும் சேர்த்துப் பிடித்திருப்பது அந்த நட்டுதான்.

வட்டப்பாதை:
சரி, முன்சக்கரம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் புதிய டயர் முன்னால் இருப்பதில் தவறில்லை என்பதில் நான் மாறவில்லை.

சமவெளி:
நானும் மாறவில்லை.

ஊர்சுற்றி:
இடது முன் பேரிங்கை மட்டும் வேறொரு பட்டறையில் மாற்றியாகிவிட்டது. பிரஸ்ஸில்தான் ஏற்றினார்கள், கூடவே நின்று பார்த்தேன். கழற்றியதைக் கையில் வைத்துச் சுற்றினால் கரகரவென்கிறது. உறுமல் போய்விட்டது. பின்னாலிருந்து மெல்லிய இரைச்சல் மட்டும் கேட்கிறது, வழுவழுப்பான சாலையில் அதுவும் இல்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி. நாளை கிளம்புகிறோம்.

சமவெளி:
அந்த இரைச்சல் பின்டயர்கள்தான். தேதி எண் என்ன? புடைப்பு இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

அச்சாணி:
சக்கரம் கழற்றி மாட்டிய வண்டி. சக்கர நட்டுகளை 100 கி.மீ. போவதற்குள் ஒருமுறை நிறுத்தி, சக்கரம் சூடு ஆறியதும் மறுபடியும் டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். காற்றழுத்தத்தைக் கிளம்புவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவில், முழுப்பாரத்துக்கானதை எடுத்துக்கொள்ளுங்கள். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, உங்கள் வண்டிக்கானது அல்ல.

சமவெளி:
ஊர்சுற்றி, கிளம்புவதற்கு முன் தேதி எண்ணை மட்டுமாவது எழுதிவிட்டுப் போங்கள்.