திபெத்திய மாஸ்டிஃப் நாய் வளர்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். டொரண்டோவில் அண்ணன் வீட்டில் ஒரு திபெத்திய மாஸ்டிஃப் இருக்கிறது. ஆண், ஒன்றரை வயது. பகலெல்லாம் வாசற்படியில் நல்ல தூக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் ஐயாவுக்கு டியூட்டி. தெருமுனையில் யாராவது கார் கதவைச் சாத்தினால்கூட அடிவயிற்றிலிருந்து குரைக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

அதைத் திட்டவும் மனசு வரவில்லை. இமயமலைப் பக்கம் நாடோடிகளின் கூடாரங்களையும் ஆடு மாடுகளையும் மடாலயங்களையும் காத்த இனம். பகலில் கட்டிப்போட்டு, இரவில் அவிழ்த்துவிடுவார்கள். ஓநாய் வரும் இடத்தில் குரைப்பதுதானே வேலை! 1847-இல், அப்போது இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஹார்டிங் பிரபு விக்டோரியா ராணிக்கு ஒன்றை அனுப்பினார். அரண்மனையில் யார் தூக்கம் கெட்டதோ!

தானே முடிவெடுத்துப் பழகிய நாய். 'உட்கார்' என்றால் நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் யோசிக்கும். ஆனால் வீட்டுக் குழந்தைகள் மேலே ஏறி விளையாடினாலும் அசையாது. புது ஆள் வந்தால்தான் குறுக்கே போய் நின்றுகொள்கிறது.

இரவில் உள்ளே படுக்கவைத்தால் குரைப்பு குறையுமா? விருந்தாளி வரும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள்? வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். ஷாக் காலர் (மின்னதிர்ச்சி தரும் கழுத்துப்பட்டை) மட்டும் வேண்டாம், அண்ணி ஒத்துக்கொள்ள மாட்டார்.