560001: மிகை எண்ணா, குறை எண்ணா?

அல்சூர்வாசி:
வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பயிற்சித்தாளுக்கு பெங்களூரு ஜி.பி.ஓ.வின் பின்கோடு 560001-ஐ எடுத்திருக்கிறேன். காரணிகளின் கூட்டுத்தொகை 818496. இது எண்ணைவிடப் பெரிது என்பதால் மிகை எண் என்கிறது நிரல். கையால் போட்டால் குறை எண் என்று வருகிறது. எது சரி? கால்குலேட்டர் இல்லாமல் காரணிப்படுத்த முடியுமா?

மல்லேஸ்வரம்_எண்ணன்:
குறை எண்தான் சார். தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரிதானால் மிகை எண், சிறிதானால் குறை எண். 818496-க்குள் 560001-ம் ஒரு காரணியாகச் சேர்ந்திருக்கிறது. அதைக் கழித்தால் 258495. எண்ணில் பாதிகூட இல்லை. நிரலில் ஒப்பிட வேண்டியது எண்ணோடு அல்ல, அதன் இரு மடங்கான 1120002-ஓடு.

காரணிப்படுத்த 7 × 11 × 13 = 1001 என்பதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று இலக்கங்களை முன்னால் உள்ளதிலிருந்து கழித்தால் 560 − 1 = 559. இதை 7, 11, 13-இல் எது வகுக்கிறதோ அது முழு எண்ணையும் வகுக்கும். 559 = 13 × 43. எனவே 13 வகுக்கும். 7, 11 வகுக்காது. இலக்கக் கூட்டுத்தொகை 12, ஆக 3-ம் வகுக்கும், 9 வகுக்காது. 39-ஆல் வகுத்தால் மிச்சம் 14359. இதன் வர்க்கமூலம் 120-க்குச் சற்றுக் கீழே, அதனால் 113 வரையுள்ள பகா எண்களைப் பார்த்தால் போதும். 83-லேயே வகுபட்டுவிடும்: 83 × 173.

560001 = 3 × 13 × 83 × 173. நான்கும் ஒவ்வொரு முறைதான் வருகின்றன, ஆகவே காரணிகள் 16. ஒவ்வொரு பகாக் காரணியோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் கூட்டுத்தொகை: 4 × 14 × 84 × 174. அதை 16-ஆல் வகுத்தால் சராசரி மிச்சமில்லாமல் 51156. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் காட்டுங்கள், அழகான முடிவு.

மாதுங்கா_தமிழன்:
கூடவே மும்பையின் 400001-ஐயும் கொடுங்கள். 400 − 1 = 399 = 7 × 57, உடனே 7 × 57143 கிடைக்கும். ஆனால் 57143 பகா எண் என்று உறுதிசெய்ய 239 வரை எல்லாப் பகா எண்களையும் போட்டுப் பார்த்தாக வேண்டும். எண் சிறிது, உழைப்பு அதிகம். வேலையின் அளவை முடிவுசெய்வது எண்ணின் நீளம் அல்ல, உள்ளே இருக்கும் காரணிகள்.

அல்சூர்வாசி:
மிக்க நன்றி. 560001 கார்மைக்கேல் எண்ணாக, அதாவது பகா எண் அல்லாதபோதும் பகா எண்களைக் கண்டறியும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும் எண்ணாக, இருக்குமா? இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியுமா?

மல்லேஸ்வரம்_எண்ணன்:
இரண்டும் இல்லை. கார்மைக்கேல் எண் என்றால் ஒவ்வொரு பகாக் காரணியிலும் ஒன்றைக் குறைத்தால் வருவது 560000-ஐ வகுக்க வேண்டும். 13-க்கு 12 வருகிறது. 560000-ஐ 12-ஆல் வகுத்தால் மீதி 8. அங்கேயே முடிந்தது. வர்க்கங்கள் விஷயத்தில் 3, 83 இரண்டும் 4-ஆல் வகுத்தால் மீதி 3 தருபவை. அப்படிப்பட்ட பகா எண் ஒற்றைப்படை முறை வந்தால் எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டாக எழுத முடியாது.

ஃபெர்மா சோதனையை சி மொழியில் எழுதினால் 32 பிட் இன்ட் (முழு எண் வகை) போதாது. பெருக்கலின் நடுவே 560000 × 560000 அளவுக்கு எண்கள் போகலாம், விடை சத்தமில்லாமல் தவறாகும். 64 பிட் வையுங்கள்.