அறுந்த வலைக்குப் புகாரை யாரிடம் கொடுப்பது?
பாக் விரிகுடாக் கரையில் ஃபைபர் படகில் நண்டு வலை விடுபவன் நான். ஆறு வாரங்களுக்கு முன், கரையிலிருந்து மூன்று கடல்மைல் தூரத்தில் ஒரு விசைப்படகு மடியை (இழுவலையை) இழுத்துக்கொண்டு குறுக்கே போனது. 14 வலைகள் போயின. விடிந்து பார்த்தால் அறுந்த கயிற்றோடு மிதவைகள் மட்டும் கிடந்தன. கடன் வாங்கிப் போட்ட வலை. ஐந்து கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடிக்கவே கூடாது என்பது தமிழ்நாட்டு விதி.

அன்றே மீன்வளத் துறை ஆய்வாளரிடம் எழுதிக் கொடுத்தேன். உதவி இயக்குநரைப் பார்க்கச் சொன்னார். அவர், அமலாக்கப் பிரிவின் வேலை என்றார். அங்கே, துறையிலிருந்து கடிதம் வரட்டும் என்கிறார்கள். ஜிபிஎஸ் குறிப்பும் படகின் பதிவு எண்ணும் கையில் இருக்கின்றன. மனுவுக்கு ரசீது மட்டும் யாரும் தரவில்லை.

1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி இதை விசாரித்து அபராதம் விதிக்க வேண்டியவர் எந்தப் பதவியில் இருப்பவர்?