மகன் விளையாடி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு, அப்பா இன்னும் கிரவுண்ட்லயே இருக்கணுமா?

கோத்தகிரி அக்கா
2012-ல எங்க பையனுக்கு ஏழு வயசு. கோத்தகிரி காந்தி மைதானத்துல சாயங்காலம் ஃபுட்பால் பழகற பசங்களோட சேர்த்துவிடப் போனார் என் வீட்டுக்காரர். "சும்மாதானே நிக்கறீங்க, கோலுக்குப் பின்னாடி போற பந்தை எடுத்துப் போடுங்க"ன்னு யாரோ சொல்லியிருக்காங்க. அன்னிக்கு ஆரம்பிச்சது. இப்ப கோச், மேனேஜர், வண்டி ஏற்பாடு, சுண்ணாம்புக் கோடு எல்லாமே அவர்தான். ஒரு பைசா சம்பளம் கிடையாது.

பையன் பிளஸ் டூவோட நிறுத்திட்டான். கோயம்புத்தூர்ல காலேஜ். லீவுக்கு அவன் வீட்டுக்கு வந்தா அப்பா வீட்டுல இல்ல. வாரம் பூரா டீ ஃபேக்டரி ஷிஃப்ட், சனி ஞாயிறு கிரவுண்ட். நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பந்தி முடியற நேரத்துல போய்ச் சேர்ந்தோம். கேட்டா அண்டர் 12 மேட்சாம்.

போதும், விடுங்கன்னு சொல்றேன். நான் சொல்றது தப்பா?

பழைய கோலி
அக்கா, நீங்க யாருன்னு தெரிஞ்சுபோச்சு, பேரைச் சொல்ல மாட்டேன். நான் எஸ்டேட் தொழிலாளிங்க இருக்கற லைன் வீட்டுப் பையன். எனக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் குடுத்தது அங்கிள். ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்துல மேட்ச்னா போக 30 கிலோமீட்டர், வர 30. பஸ் காசுக்கே வீட்டுல யோசிப்பாங்க. ஜீப்புல அவரே கூட்டிட்டுப் போவார். திரும்பி வரும்போது எல்லாருக்கும் டீயும் வர்க்கியும். இப்ப திருப்பூர்ல வேலை பார்க்கறேன், இன்னும் ஞாயித்துக்கிழமை கோல்ல நிக்கறேன். அவரை விடச் சொல்லாதீங்க. அவர் விட்டா அடுத்த மாசமே கிளப்பை மூடிடுவாங்க.

கணக்குப்பிள்ளை
ஒரு ஆள் வரலைன்னா மூடிடும்னா அதுக்குக் கிளப்னு பேர் எதுக்கு? என் பொண்ணும் அங்கதான் விளையாடறா. மாசம் 100 ரூபா குடுக்கறோம், அவரோட சொந்த ஜிபே நம்பருக்கு. இத்தனை வருஷத்துல ஒரு கூட்டம் போட்டதில்ல, வரவு செலவுன்னு ஒரு தாள் காட்டினதில்ல. திருடறார்னு நான் சொல்லவே இல்ல, கைக்காசு போடறார்னுதான் நினைக்கறேன். ஆனா நாளைக்கு அவருக்கே காய்ச்சல் வந்து படுத்தா, ஸ்டோர் ரூம் சாவி எங்கன்னு யாருக்குத் தெரியும்? ஏழு பேர் சேர்ந்தா 1975-ம் வருஷத்துத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவு பண்ணிடலாம். ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். "பண்ணலாம் சார்"னு சிரிச்சுட்டுப் போயிட்டார்.

பழைய கோலி
100 ரூபாய்க்குக் கணக்குக் கேக்கறவர் ஒரு நாளாவது சுண்ணாம்பு வாளி தூக்கியிருக்காரா?

கணக்குப்பிள்ளை
தூக்கினேன் தம்பி. ரெண்டு சனிக்கிழமை, காலையில ஆறு மணிக்கு, டிசம்பர் பனியில. நான் போட்ட பெனால்டி பாக்ஸ் கோணலா இருக்குன்னு, நான் அங்க நிக்கும்போதே அவர் காலால அழிச்சுட்டு வேற போட்டார். மூணாவது வாரம் நான் போகல. "ஒருத்தரும் உதவிக்கு வர்றதில்ல"ன்னு அவர் சொல்றாருன்னு கேள்விப்பட்டேன்.

ஹட்டி அண்ணன்
கோடு கோணல்னா கோணல்னுதானே சொல்லணும்? எங்க ஹட்டியில, அதான் எங்க படுகர் ஊர்ல, கோயில் வேலை பார்க்கற பெரியவரை யாரும் "உங்க பையன் வெளியூர் போயிட்டான், நீங்களும் கிளம்புங்க"ன்னு சொல்ல மாட்டாங்க. இதையும் யோசிங்க: மலையில தட்டையான இடம் எத்தனை இருக்கு? இருக்கறது ஒண்ணு ரெண்டு. மே மாசச் சீசன் வந்தா எல்லாருக்கும் அது பார்க்கிங்காத்தான் தெரியும். பசங்களுக்கு நேரம் ஒதுக்கிக் குடுங்கன்னு வருஷா வருஷம் ஆபீஸ் படி ஏறி நின்னது யாரு? புது ஆள் போனா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அவர் முகத்துக்குத்தான் கிடைக்குது.

விசில்
ரெஃப்ரியா நீலகிரியில பல கிரவுண்ட் பார்த்தவன், ஒரு வார்த்தை. மனுஷன் தங்கம், சந்தேகமே இல்ல. ஆனா போன மாசம் அவர் டீம் கோல்கிக் (தன் கோல் முன்னாடி இருந்து பந்தை அடிச்சு ஆட்டத்தைத் தொடங்கறது) அடிச்சப்ப, டிஃபெண்டர் பெனால்டி பாக்ஸுக்கு வெளியவே நின்னு பந்துக்குக் காத்துட்டு இருந்தான். "உள்ளயே வாங்கலாம்டா"ன்னு சொன்னேன். "கோச் கூடாதுன்னாரு சார்." அந்த விதி 2019-லயே மாறிடுச்சு. பந்தை அடிச்சு அது நகர்ந்தாலே ஆட்டம் ஆரம்பம், பெட்டியைத் தாண்டத் தேவையில்ல.

அதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு. பத்து வயசுப் பசங்களை வரிசையா நிக்க வெச்சு ஹெட்டிங், அதாவது பந்தைத் தலையால முட்டப் பழக்கறார், அதுவும் அஞ்சாம் நம்பர் பந்துல. அந்தப் பந்து காய்ஞ்சு இருக்கும்போதே 410 முதல் 450 கிராம். தையல் விட்ட பழைய பந்து, மழையில ஊறினா கேக்கவே வேண்டாம். அந்த வயசுக்கு நாலாம் நம்பர் பந்துதான். அமெரிக்காவுல 2015-லயே பத்து வயசு வரைக்கும் ஹெட்டிங் கூடாதுன்னுட்டாங்க. இங்கிலாந்துல 2020-ல இருந்து ஆரம்பப் பள்ளி வயசுப் பசங்களுக்குப் பயிற்சியில ஹெட்டிங் கிடையாது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தோட (ஏ.ஐ.எஃப்.எஃப்.) டி லைசென்ஸ் கோச்சிங் கோர்ஸுக்குப் போங்கன்னு சொன்னா, "எனக்கு எதுக்கு, நான் சும்மா ஒரு அப்பாதானே"ங்கறார். பதிமூணு வருஷம் கழிச்சும் அதையே சொன்னா எப்படி?

பழைய கோலி
ஹெட்டிங் விஷயம் சரி, ஒத்துக்கறேன். கோல்கிக் நிஜமாவா? நான் திருப்பூர்ல இன்னும் பெட்டிக்கு வெளிய தாண்டற மாதிரிதான் அடிச்சுட்டு இருக்கேன்.

விசில்
நிஜம்தான். உங்க கோச் யாருன்னு தெரியுது.

குன்னூர் டீச்சர்
ஜீப்புல தனியா ஒரே ஒருத்தர் பசங்களைக் கூட்டிட்டுப் போறதைப் பெருமையா எழுதியிருக்கீங்க. எனக்கு அது உறுத்துது. அவர் நல்லவரா இல்லையாங்கறதே இங்க கேள்வி இல்ல. போக்சோ சட்டம் வந்ததும் இதே 2012-லதான். ஸ்கூல்ல எங்களுக்கு அதுக்குப் பயிற்சி, கூட்டம் எல்லாம் நடக்குது, ஊர்க் கிளப்புல ஒண்ணும் இல்ல. ஊட்டிக்குப் போற வண்டியில இன்னொரு பெரியவர் ஏறட்டும். பொண்ணுங்க விளையாடறாங்கன்னா ஒரு அம்மா ஏறட்டும். அவருக்கும் அது பாதுகாப்பு. பெத்தவங்க கேட்டுக்கு வெளிய வண்டியில உக்காந்து போன் பார்க்கறாங்க, அவர் ஒருத்தர் உள்ள முப்பது பசங்களோட நிக்கறார்.

ஹட்டி அண்ணன்
இப்படியே பேசினா எவனும் ஊருக்கு ஒரு நல்லது செய்ய வரமாட்டான். அண்ணி, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. அண்ணன் பேர் ஊருக்கே தெரியும், அது உங்களுக்கும் பெருமைதானே.

கோத்தகிரி அக்கா
அண்ணன் பேர் ஊருக்குத் தெரியும், சரி. ஒரு விஷயம் மேல எழுதாம விட்டுட்டேன், எழுதறேன்.

ஜெர்சி மொத்தம் 32. ஞாயித்துக்கிழமை ராத்திரி மூட்டையா வீட்டுக்கு வரும். திங்கக்கிழமை நான் துவைப்பேன். ஊட்டிப் பக்கம் ஆடி மழைதான் பெரிசு, எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை. அந்த ரெண்டு மாசமும் வெளிய ஒரு துணி காயாது. அடுக்களையில விறகடுப்புக்கு மேல மூணு கயிறு கட்டி, புதன்கிழமை வரைக்கும் அந்த ஜெர்சிக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சுதான் சமைப்பேன். பசங்க "ஆன்ட்டி, ஜெர்சியில ரசம் வாசனை வருது"ன்னு சிரிக்கும். நானும் சிரிப்பேன். 2020-ல கொரோனாவுக்கு கிரவுண்டைப் பூட்டினப்பதான் என் அடுக்களையோட மேல் சுவரை முழுசாப் பார்த்தேன், கரி புடிச்சுக் கிடந்துச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி கிளப்புல அவருக்குச் சால்வை போட்டாங்க. நானும் போயிருந்தேன், பின்னாடி வரிசை. அது வருத்தம் இல்ல. அன்னிக்கு ராத்திரியும் மூட்டை வந்துச்சு, அதுதான்.

குன்னூர் டீச்சர்
எல்லாரும் அவரைப் பத்தியே பேசிட்டோம், நானும்தான். கேட்டது நீங்க. வீட்டுக்கு ரெண்டு ஜெர்சி, அவங்கவங்க துவைச்சுப் போடட்டும்னு வெச்சா என்ன?

கோத்தகிரி அக்கா
நாலு வருஷம் முன்னாடியே சொன்னேன். ஒருத்தர் வெள்ளைச் சோப்பு, ஒருத்தர் நீலம், நம்பர் சாயம் போயிடும்னார். பெனால்டி பாக்ஸ் கதைதான்.

கணக்குப்பிள்ளை
இந்த ஞாயிறு பெத்தவங்க ஆறு பேர் வர்றதாச் சொல்லியிருக்காங்க. என்னோட ஏழு. அவரை வெளிய அனுப்ப இல்ல, அதை முதல்ல சொல்லிடறேன். சாவிக்கு ரெண்டாவது செட், கிளப் பேர்ல பேங்க் அக்கவுண்ட், வண்டியில ரெண்டாவது ஆள். கோடு நான் போடறேன். கோணலா இருந்தாலும் அன்னிக்கு மேட்ச் அந்தக் கோட்டுலதான். இதை யார் அவர்கிட்டச் சொல்றதுன்னுதான் தெரியல.

பழைய கோலி
நான் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வர்றேன். நான் சொன்னா கேப்பார். கேக்கலைன்னாலும் திட்டிட்டு டீ வாங்கிக் குடுப்பார்.

கோத்தகிரி அக்கா
வாங்க தம்பி, சாப்பாடு நம்ம வீட்டுலதான். இந்த வார மூட்டையை நான் பிரிக்கவே இல்ல. வாசப்படிகிட்ட அப்படியே கிடக்கு. தினம் காலையில அதைத் தாண்டித்தான் ஷிஃப்ட்டுக்குப் போறார். இன்னிக்கு வியாழன், இன்னும் ஒண்ணும் கேக்கல.