புதுப்பிப்பு: அந்த விளம்பரத் தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது

குரோமில் எதைத் தேடினாலும் வேறு தளத்துக்குப் போகிறது, திரையின் மூலையில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கிறது, காரணமான எக்ஸ்டென்ஷனை (குரோமில் கூடுதலாகச் சேரும் சிறு நிரலை) நீக்கவும் முடியவில்லை என்று போன வாரம் எழுதியிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது. உதவியவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

குரோம் மெனுவின் அடியைப் பார்க்கச் சொன்னவர்தான் வழி காட்டினார். என் சொந்தக் கம்ப்யூட்டரில், 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது' என்று அங்கே ஒரு வரி! கம்ப்யூட்டரில் புகுந்திருந்த ஆட்வேர் (விளம்பரம் காட்டும் தொல்லை மென்பொருள்), விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு பாலிசியை, அதாவது குரோம் மீற முடியாத ஒரு கட்டளையை எழுதி, எக்ஸ்டென்ஷனைக் கட்டாயமாக ஏற்றியிருந்தது. ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துவிட்டு அந்தப் பாலிசியை அழித்தேன். ரீஸ்டார்ட் செய்ததும் மறுபடி வந்துவிட்டது. நிரல்களைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து பார்த்தால், ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் ஓடுகிற ஒரு டாஸ்க், அர்த்தமில்லாத எழுத்துகளில் பெயர். முதலில் அதை நீக்கி, பிறகு பாலிசியை அழித்த பின்தான் அடங்கியது. கடைசியாக, ஆட்வேரை நீக்கும் கருவியான ஆட்வ்கிளீனரை ஓட்டினேன். மிச்சம் இருந்த இரண்டு ஃபோல்டர்களையும் அது பிடித்தது.

மூலை விளம்பரம் தனிக் கதை. ஏதோ ஒரு தளத்துக்கு நான் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதிதான் காரணம். செட்டிங்ஸில் அதை ரத்து செய்ததும் நின்றது.

அந்த ஆட்வேர் ஒரு இலவச பிடிஎஃப் கன்வர்ட்டரோடு வந்தது. இன்ஸ்டால் செய்யும்போது 'கஸ்டம்' தேர்ந்தெடுத்து, கூட வரும் மென்பொருள்களுக்கான டிக்குகளை எடுத்துவிடுங்கள், தயவுசெய்து. விண்டோஸ் செக்யூரிட்டியில் தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் வசதியையும் இப்போது ஆன் செய்துவிட்டேன்.