ஆன்டிவைரஸ் சுத்தம் என்கிறது, ஃபைல் சர்வர் மணிக்கொரு முறை வெளியே இணைகிறது: எங்கே தேடுவது?

கேள்வி:
ஃபைல் சர்வர் ஒன்று சுமார் மணிக்கொரு முறை, சில நிமிடம் முன்பின்னாக, ஒரே வெளி டொமைனுக்கு 443 போர்ட்டில் போகிறது. போவது சில கேபிதான். இணைப்பைத் தொடங்குவது புரோகிராம்டேட்டா ஃபோல்டரில் கிடக்கும் ஒரு இஎக்ஸ்இ. டிஜிட்டல் கையொப்பம் செல்லுபடியாகிறது, ஸ்கேனில் எதுவும் சிக்கவில்லை. ஃபார்மேட் அடித்தால் போதுமா?

பதில் 1:
அவசரப்படாதீங்க. அதே ஃபோல்டரில் கையொப்பம் இல்லாத டிஎல்எல் (புரோகிராம்கள் ஏற்றிப் பயன்படுத்தும் துணைக் கோப்பு) இருக்கா, கூடவே திறந்தால் எதுவும் புரியாத ஒரு டேட்டா கோப்பு இருக்கா பாருங்க. பிளக்எக்ஸ் போன்ற உளவு மால்வேரின் வழக்கமான மூன்று கோப்பு ஏற்பாடு இது. பெரும்பாலான டிஎல்எல்களை விண்டோஸ் முதலில் இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். நம்பகமான புரோகிராம் எதிர்பார்க்கும் பெயரிலேயே கள்ள டிஎல்எல்லைப் பக்கத்தில் வைத்தால் அதை ஏற்றிக்கொள்ளும். அந்த டிஎல்எல் மூன்றாவது கோப்பின் என்க்ரிப்ஷனை அவிழ்த்து மெமரியிலேயே ஓட்டும். டிஸ்க்கை மட்டும் பார்க்கும் ஸ்கேனுக்கு அது தெரியாது.

ரீபூட் செய்யாதீங்க, மெமரியில் இருப்பது போய்விடும். முதலில் ராம் இமேஜ் (மெமரியின் முழு நகல்), அப்புறம் டிஸ்க் இமேஜ் எடுங்க. வைரஸ்டோட்டலில் (பல ஆன்டிவைரஸ்களில் கோப்பைச் சோதிக்கும் தளம்) கோப்பின் ஹேஷை, அதாவது அதன் டிஜிட்டல் கைரேகையை, மட்டும் தேடுங்க. கோப்பையே ஏற்றினால், கண்டுபிடித்துவிட்டீர்கள் என்பது எதிராளிக்கும் தெரிய வாய்ப்பு உண்டு.

கேட்டவர்:
இரண்டு கோப்பும் இருக்கு. இந்த ஒரு சர்வரோடு முடிந்ததா?

பதில் 2:
முடிந்திருக்காது. ஃபைல் சர்வரில் யாரும் மெயில் அட்டாச்மென்ட் திறப்பதில்லை, வேறு மெஷின் வழியாகத்தான் வந்திருக்கும். டிஎல்எல் உருவான நேரத்தைச் சுற்றி விண்டோஸ் லாக்கில் ஈவென்ட் 7045 (புதிய சர்வீஸ்), 4698 (புதிய ஷெட்யூல்டு டாஸ்க்) தேடுங்க. அதற்குச் சற்று முன் 4624, லாகான் டைப் 3 (நெட்வொர்க் வழியான லாகின்) பதிவு எந்த ஐபியிலிருந்து, எந்த அக்கவுண்டில்? அடுத்து அந்த மெஷினில் இதே தேடல். எக்ஸ்ப்ளோரர் காட்டும் தேதியை நம்பாதீங்க, அதைச் சுலபமாக மாற்றலாம். எம்எஃப்டி-யில் (டிஸ்க்கிலுள்ள கோப்புகளின் உள் அட்டவணை) ஃபைல்நேம் பகுதியிலுள்ள நேரத்தோடு ஒப்பிடுங்க.

இணைப்பு தொடங்கிய நாளுக்கு முந்தைய லாக்கும் வேணும். 2020-இல் வெளிப்பட்ட சோலார்விண்ட்ஸ் ஊடுருவலில் சன்பர்ஸ்ட் என்ற மால்வேர், நுழைந்த பின் இரண்டு வாரம் வரை அசையாமல் கிடந்தது.

பதில் 1:
அந்த அக்கவுண்ட் டொமைன் அட்மின் (அலுவலக நெட்வொர்க் முழுவதையும் நிர்வகிப்பது) என்றால் எல்லா பாஸ்வேர்டு ஹேஷும் (பாஸ்வேர்டுகள் சேமிக்கப்படும் மாற்று வடிவம்) போனதாகவே வைத்துக்கொள்ளுங்க. ஒவ்வொரு மெஷினாகச் சுத்தம் செய்தால் மிச்சமுள்ள வழியில் திரும்ப வருவார்கள். பாதிக்கப்பட்ட மெஷின்களின் பட்டியல் முழுமையான பிறகு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் துண்டியுங்க, அந்த வெளி டொமைனை பிளாக் செய்யுங்க, பாஸ்வேர்டுகளை மாற்றுங்க. கேஆர்பிடிஜிடி (லாகின் டிக்கெட்டுகளை வழங்கப் பயன்படும் உள் அக்கவுண்ட்) பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றணும், ஏனென்றால் முந்தைய பாஸ்வேர்டும் செல்லும். நடுவில் டிக்கெட் ஆயுளான 10 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி விடுங்க, இல்லாவிட்டால் சர்வீஸ்கள் லாகின் ஆகாமல் நிற்கும். இடையில் பெருமளவு டேட்டா வெளியேறுவது தெரிந்தால் மட்டும் காத்திருக்காமல் உடனே துண்டியுங்க.

இதைப் பற்றி அலுவலக மெயிலில் ஒரு வரிகூட எழுதாதீங்க, போனில் பேசுங்க. மெயில் சர்வரும் அவர்கள் கையில் இருக்கலாம்.