வீடியோவை ஓட்டிப் பார்த்தால் பாடம் ஏறாதாமே?

கரிசல்காடு:
"பணியாளர் இஷ்டத்துக்கு விட்டால் ஆன்லைன் பயிற்சி உருப்படாது" என்று நேற்று இன்னொரு இழையில் ஒரு பயிற்சித் துறை அன்பர் அருள்வாக்கு சொல்லியிருந்தார். எங்கள் அலுவலகத்தில் வருடா வருடம் தீ பாதுகாப்பு வீடியோ, முக்கால் மணி நேரம். முன்னால் தள்ளி ஓட்ட முடியாது, வேகம் கூட்ட முடியாது, வேறு டேபுக்குப் போனால் நின்றுவிடும், 'அடுத்து' பட்டன் கடைசி நொடி வரை சாம்பல் நிறத்தில் கிடக்கும். எல்லாரும் சத்தத்தை அணைத்துவிட்டு போனில் ரீல்ஸ் பார்க்கிறோம். இதுதான் உருப்படுகிற லட்சணமா?

பாலா_பயிற்சி:
அந்த அன்பர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். ஓட்ட விட்டால் என்ன ஆகும் தெரியுமா? நேராகக் கடைசி ஸ்லைடு, நாலு கேள்விக்குப் பக்கத்து சீட்டில் பதில், சான்றிதழ் பிரிண்ட். தீப்பிடித்த அன்று தீயணைப்பு சிலிண்டரில் பின்னை எடுக்காமலே அழுத்திக்கொண்டு நிற்பார்கள்.

தாமிரா:
ஒரு நிமிஷம். எந்தக் கட்டுப்பாட்டைச் சொல்கிறீர்கள்? வேகமா, பாட வரிசையா, எந்தப் பாடம் வேண்டும் என்பதா? மூன்றும் வேறு வேறு.

கரிசல்காடு:
பாலா சார், பின்னை இழு, நெருப்பின் அடியில் குறிபார், அழுத்து, பக்கவாட்டில் வீசு. முடிந்தது. இதற்கு எதற்கு முக்கால் மணி நேரம்? பத்து நிமிஷம் மொட்டை மாடியில் நிஜ சிலிண்டரைக் கையில் கொடுத்தால் பாடம் முடிந்தது. அப்புறம், 2021இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வந்தது. மாணவர்களுக்குப் பாட வீடியோவை வெவ்வேறு வேகத்தில் போட்டுக் காட்டினார்கள். இருமடங்கு வேகம் வரை மதிப்பெண் பெரிதாக இறங்கவில்லை, இரண்டரை மடங்கில்தான் இறங்கியது. ஏன் சார் பூட்டினீர்கள்?

பாலா_பயிற்சி:
நான் சொன்னது ஓட்டுவதை, நீங்கள் காட்டுவது வேகத்தை. ஆய்வு என்னிடமும் உண்டு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது: திரும்பத் திரும்பப் படித்தவர்கள் நன்றாக நினைவிருக்கும் என்று நம்பினார்கள், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தங்களைச் சோதித்துக்கொண்டவர்கள்தான் முன்னால் நின்றார்கள். தனக்கு எது தெரியும் என்பதே கற்பவருக்குத் தெரியாது. அவர் கையில் எப்படிக் கொடுப்பது?

கரிசல்காடு:
அருமை, என் கட்சிக்கே சாட்சி சொல்லிவிட்டீர்கள். அது சோதனை வை என்கிறது, வீடியோவைப் பூட்டு என்று எங்கே சொல்கிறது? ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் பாடத் திட்டம் என்பிடெல்லைப் பாருங்கள். வீடியோ எல்லாம் யூடியூபில் திறந்து கிடக்கிறது, தலைகீழாகக்கூடப் பார்க்கலாம். அசைன்மென்ட்டுக்கு 25, மையத்துக்கு நேரில் போய் எழுதும் தேர்வுக்கு 75. ஐஐடிக்காரர்கள் ஓட்ட விடுகிறார்கள், உங்களுக்கு என்ன வந்தது?

மணல்மேடு:
என்பிடெல் அசைன்மென்ட் விடை டெலிகிராமில் கிடைக்கிறது அண்ணே. ரொம்பப் பெருமைப்பட வேண்டாம்.

கரிசல்காடு:
தம்பி, அது 25க்கு. 75க்கு டெலிகிராம் வந்து எழுதித் தருமா? நான் இரண்டு கோர்ஸில் நல்ல மதிப்பெண்ணுக்குத் தரும் 'எலைட்' சான்றிதழ் வாங்கியவன், இருமடங்கு வேகத்தில் பார்த்தே வாங்கினேன்.

பாலா_பயிற்சி:
வாங்கிய சான்றிதழைக் கேட்காமலே காட்டுகிறவர்கள் எங்கள் வகுப்பிலும் உண்டு, முதல் வரிசையில் உட்காருவார்கள். என்பிடெல்லுக்கு வருகிறவன் விரும்பி வருகிறான். எங்களிடம் வருகிறவனை மேனேஜர் தள்ளிவிடுகிறார். நாளைக்கு ஆடிட்டர் வந்து "எல்லாரும் முழுசாகப் பார்த்தார்களா" என்றால் பதில் சொல்வது நான், நீங்கள் இல்லை.

கரிசல்காடு:
வந்துவிட்டது உண்மை! பூட்டு ஆடிட்டருக்கு. அப்புறம் எதற்கு உருப்படுவது, படிப்பு என்ற பேச்செல்லாம்? முழுசாக ஓடியது வீடியோதானே தவிர யாரும் பார்க்கவில்லை. மறுபடி கேட்கிறேன், ஓட்டுவதை ஏன் பூட்டினீர்கள்?

தாமிரா:
நான் கேட்டதற்கு யாராவது பதில் சொல்வீர்களா?

பாலா_பயிற்சி:
இவரிடம் பேசிப் பயனில்லை. போன வருடம் இன்வெர்ட்டர் இழையிலும் இதே கதைதான். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் தேவையில்லை, குழாய்த் தண்ணீர் போதும் என்று நாற்பது பதிவு போட்டவர்.

கரிசல்காடு:
ஆர்.ஓ. தண்ணீர் என்றேன், குழாய்த் தண்ணீர் என்று எங்கே சொன்னேன்? அந்த இழையையும் ஓட்டித்தான் படித்தீர்களா?

மணல்மேடு:
ஆர்.ஓ. தண்ணீரும் ஊற்றக் கூடாது அண்ணே.